பக்கக் கதவடிக் கல்

அன்று வியாழக்கிழமை, காலை பத்து மணி. சேர்ச்சின் பக்கக் கதவடியில் நின்றவர்கள் இவர்கள்.

வார்டன் அம்மா. வெள்ளைக்காரி, எழுபது தாண்டியவர். சேர்ச்சின் திறப்பு, கூரை, கொமிற்றி எல்லாம் அவர் பொறுப்பு.

இங்கிலாந்திலிருந்து வந்த ரீச்சர். பென்சன் எடுத்தவர். தன் கிராமத்துச் சேர்ச்சின் வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். தோளில் துணிப்பை, கையில் ஒரு பழைய படம்.

எங்கள் செபக்கூட்டத் தலைவர் அண்ணை. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர். இங்கிலீசு நன்றாகப் பேசுவார். தேவையில்லாத இடத்திலும் பேசுவார்.

நான். கதவு திறக்கிறவன்.

அவர்கள் பேசியது இங்கிலீசு. எனக்கு விளங்கிய மாதிரி எழுதுகிறேன்.

ரீச்சர் படத்தைப் பார்த்தார். சுவரில் இருந்த கல்லைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார்.

"இது எங்கட கல் இல்லை," என்றார்.

வார்டன் அம்மாவின் முகம் மாறியது. "இதுதான் கல். நான் கலியாணம் முடிச்ச நாளிலையும் இதிலைதான் இருந்தது."

"எங்கட கல்லிலை ஓட்டையள் இருக்க வேணும். கீழ்ப் பக்கத்திலை, சின்னச் சின்ன ஓட்டையள். கனடாவுக்கு அனுப்ப முதல் எடுத்த படம், பாருங்கோ. இதிலை ஒண்டுமில்லை."

நான் கதவுத் திறப்பைப் பைக்குள் போட்டேன்.

ஓட்டைகளை அடைத்தது நான்.

*

அந்தச் சேர்ச் ஸ்காபரோவில், பெரிய றோட்டிலிருந்து ஒரு தெரு உள்ளே இருக்கிறது. அங்கிலிக்கன் சபையாருடையது. நான் கத்தோலிக்கன். பதினொரு வருடமாக அங்கே வேலை. பனி தள்ளுவேன், நிலம் துடைப்பேன், கதிரை அடுக்குவேன். ஊரில் மேசன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு வேலைக்குப் போனேன்.

பக்கக் கதவால் உள்ளே வந்தால் இடது கைப் பக்கம் அந்தக் கல். சுவர் முழுக்கச் செங்கல், அது ஒன்றுதான் கல். என் இடுப்பு உயரம், மங்கிய வெள்ளை. பக்கத்தில் பித்தளைத் தகட்டில் ஒரு இங்கிலாந்துக் கிராமத்தின் பெயர். இந்தச் சேர்ச்சின் முதல் பாதிரியார் அந்த ஊரவர். அங்கே வாசலைத் திருத்தியபோது கழற்றிய நிலைக்கல்லை, ஊர்ச்சனம் அவருக்குக் கப்பலில் அனுப்பினார்களாம். வேலைக்கு வந்த முதல் நாளே அதை நகத்தால் தட்டிப் பார்த்தேன். மெத்தென்ற கல். எங்கள் பக்கத்துக் கடற்கரை முருகைக்கல் மாதிரி.

சேர்ச்சுக்குப் பின்னால் மூன்று அப்பார்ட்மென்ற் கட்டடங்கள். எங்கள் சனம் அங்கே நிறைய. பிள்ளைகள் விட்பியிலும் ஸ்ரௌவ்விலிலும் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். தாய் தகப்பன் சிலர் போகவில்லை. அங்கே போனால் கார் இல்லாமல் ஒரு இடமும் போக முடியாது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் கூடிச் செபமாலை சொல்வோம். எங்கள் நாட்டு மடுக் கோயில் மாதாவின் பெயரில். சைவக்காரர் சிலரும் வருவார்கள். மடு மாதாவுக்கு அந்த வித்தியாசம் இல்லை. முதலில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் கூடினோம். மெழுகுதிரிப் புகைக்கு அலாரம் அடித்தது. இரண்டாம் தரம் அடித்தபோது மனேச்சர் அறையைப் பூட்டினார். நான் வார்டன் அம்மாவிடம் கேட்டேன்.

"சனிக்கிழமை சேர்ச் சும்மாதானே கிடக்குது," என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

நாலு வருடமாக அங்கே கூடுகிறோம். வோக்கர் தள்ளிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அதை விட்டால் அவர்களுக்கு நடந்து போக வேறு இடம் இல்லை. கிழமையில் அந்த ஒரு நாள்தான் சிலர் நல்ல சீலை உடுப்பது.

ரீச்சர் வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன் வார்டன் அம்மா என்னைக் கூப்பிட்டார். கல்லைப் பார்க்க இங்கிலாந்திலிருந்து ஒருவர் வருகிறார், அந்த இடத்தைத் துப்புரவாக்கு என்றார்.

கல்லின் கீழ்ப்பாதியை மறைத்துக்கொண்டு ஒரு வாங்கு இருக்கும். சப்பாத்து கழற்ற இருக்கிற வாங்கு. நல்ல பாரம். போன வருடம் நெஞ்சை வெட்டி ஒப்பரேசன் செய்த பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று டொக்ரர் சொல்லியிருந்தார். அதற்கு முன்னும் நான் அதைச் சுற்றித்தான் கூட்டுவேன். அன்று இழுத்தேன்.

நிலத்தில் வெள்ளைத் தூள். கல்லில் ஓட்டைகள். ஒன்றிரண்டு இல்லை. சின்னவிரல் நுனி போகும் அளவு, கிட்டக் கிட்ட.

பார்த்தவுடன் விளங்கியது. மடுவுக்குப் போய்வந்த எவருக்கும் விளங்கும். அங்கே கோயில் மண்ணை எடுத்து வருவோம். பாம்புக்கடிக்கு நல்லது என்பார்கள். துண்டுச் சீலையில் முடிந்து வீட்டில் வைப்போம். காய்ச்சல்காரருக்குத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்போம். அம்மா எனக்குக் கரைத்துத் தந்திருக்கிறார். நானும் குடித்திருக்கிறேன்.

இந்தக் கல் எண்ணூறு வருடப் பழைய மாதா கோயிலில் இருந்து வந்தது என்று தலைவர் அண்ணை ஒரு சனிக்கிழமை எழும்பி நின்று சொன்னார். அடுத்த கிழமையே பெண்கள் கல்லின் மேற்பாதியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். அதற்கடுத்த கிழமை முத்தம் கொடுத்தார்கள். இப்போது இது. அப்படித்தான் நினைத்தேன்.

ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் கதை ஓடும். வார்டன் அம்மாவின் காதுக்குப் போகும். சனிக்கிழமை போய்விடும்.

சீமெந்து போடவில்லை. மெத்தென்ற கல்லைச் சீமெந்து தின்றுவிடும். கட்டடச் சாமான் கடையில் ஒரு பை சுண்ணாம்பு வாங்கினேன். மணலை அரித்தேன். நிறம் வருவதற்குக் கொஞ்சம் தேயிலைச் சாயம் விட்டேன். கரண்டிக் காம்பால் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்து, ஈரத்துணி போட்டு மூடினேன். மூன்று நாள் வேலை. எத்தனை ஓட்டை என்று எண்ணவில்லை. முடிந்ததும் தள்ளி நின்று பார்த்தேன். நல்ல வேலை. இப்படி ஒரு வேலையைப் பார்த்தால் அப்பா ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் பிழை இருந்தால்தான் பேசுவார்.

*

ரீச்சர் கோபிக்கவில்லை. அந்த வாங்கில் இருந்துகொண்டு படத்தை மடியில் வைத்தார். வார்டன் அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ரீச்சர் தன் ஊர்ச் சேர்ச்சைப் பற்றிச் சொன்னார். கேட்காமலே சொன்னார். நெடுநாள் அதையே நினைத்துக்கொண்டிருப்பவர் என்று தெரிந்தது.

ஒரே ஒரு தெரு உள்ள ஊர். சேர்ச் மேட்டில் இருக்கிறது. கட்டத் தொடங்கியவர்கள் முடிக்கவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் முடித்தார்கள். பக்கத்தில் வெட்டிய கல். வெட்டும்போது வெண்ணெய் மாதிரி இருக்கும், காற்றுப் பட்டால்தான் கொஞ்சம் இறுகும். சுவரெல்லாம் படம் வரைந்திருந்தார்களாம். எழுத்துத் தெரியாத சனம் படத்தைப் பார்த்து வேதம் படித்தது. பிறகு கொள்ளை நோய் வந்தது. ஒரு பாதிரியார் செத்தார். அடுத்தவர் வந்தார், அவரும் செத்தார். மூன்றாமவர் வர ஊரில் பாதிப் பேர் இல்லை. உழ ஆள் இல்லாமல் வயல் புல்லாய்ப் போனது.

"நோய் வந்த பிறகுதான் அந்தக் கல்லைச் சுரண்டத் தொடங்கியிருப்பினம்," என்றார். "வாசல் நிலைக்கல். உள்ளை போகேக்கை வரேக்கை எல்லாரின்ர கையும் படுற இடம். ஒரு ஆணியாலையோ கத்தியாலையோ கொஞ்சம் சுரண்டித் தூளை வீட்டை கொண்டு போறது. தண்ணியிலை கரைச்சுக் குடிக்கிறது. காய்ச்சலுக்கு, பிள்ளைப்பேறுக்கு. மாதா கோயில் கல்லெல்லே."

தலைவர் அண்ணை என் பக்கம் திரும்பினார். "மடு மாதிரியெல்லோ தம்பி!" என்று தமிழில் சொன்னார்.

நான் ரீச்சரிடமிருந்து வெறும் கோப்பையை வாங்கினேன்.

பிறகு அரசன் மதத்தை மாற்றினான் என்றார் ரீச்சர். மாதாவின் சிலையை இழுத்துப்போய் எரித்தார்கள். சுவர்ப் படங்களுக்கு மேலே வெள்ளை அடித்தார்கள். ஒரே நாளில் அடித்து முடித்தார்களாம். ஊர்ச்சனம் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காலமும் இல்லை. கல்லை மட்டும் தொடர்ந்து சுரண்டினார்கள். கல்லைச் சுரண்டாதே என்று சட்டம் போட ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு ஆராதனை. ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். கூரைக்குள் வௌவால். வௌவாலைக் கலைக்கவும் சட்டம் விடாதாம். திறப்பு ரீச்சர் வீட்டு அடுக்களையில் தொங்குகிறது.

"சுரண்டின கல் எங்களிட்டை இப்ப ஒண்டுமில்லை. வாசல் முழுக்கப் புதுசு. கனடாவிலை ஒண்டாவது மிச்சம் இருக்குதெண்டுதான் வந்தனான். கடைசி அத்தியாயம் அதுதான். பரவாயில்லை. கல் துலைஞ்சு போச்செண்டு எழுதிறன்."

படத்தைப் பைக்குள் வைத்தார். பையைத் தோளில் போட்டார்.

நான் பேசாமல் நின்றால் போதும். கல் மாறிப்போனது என்று அவருடைய புத்தகத்தில் வரும். எங்கள் சனிக்கிழமை அப்படியே இருக்கும். வார்டன் அம்மா கதவுப் பக்கம் நடந்தார். ரீச்சர் கல்லை ஒருதரம் கையால் தடவினார், தன்னுடையது இல்லை என்று தெரிந்துகொண்டே. என்னுடைய சுண்ணாம்பைத்தான் தடவினார்.

"அடைச்சது நான்," என்றேன்.

ஒருவருக்கும் விளங்கவில்லை. மறுபடி சொன்னேன். குனிந்து காட்டினேன்.

"ஏன்?" என்றார் வார்டன் அம்மா.

"எங்கட சனம் தோண்டினதெண்டு நினைச்சன்."

"தோண்டினவையோ?"

"தெரியாது."

வார்டன் அம்மா சத்தம் போடுகிறவர் இல்லை. குனிந்து நான் காட்டிய இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நாளைக்கு ஓட்டையளைத் திற. ரீச்சர் கல்லிலை எண்ணட்டும், நான் படத்திலை எண்ணுறன். கல்லிலை படத்தை விட ஒண்டு மட்டும் கூட இருந்தால் அது ஒரு ஆளின்ர பிழை. கொமிற்றிக்கு அப்பிடியே சொல்லுவன், விட்டிடுவினம். அதுக்கு மேலை இருந்தால், அது உங்கட பழக்கமெண்டு சொல்லுவினம். பிறகு சனிக்கிழமையை என்னாலை காப்பாத்த ஏலாது."

*

கார் நிறுத்தும் இடத்தில் தலைவர் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்கென்ன விசரே தம்பி? அந்த மனுசி வெளிக்கிட்டிட்டுது. பை தோளிலை ஏறிட்டுது. ரெண்டு நிமிசம் வாயை மூடிக்கொண்டு நிண்டிருக்கலாமெல்லே?"

"ஓம்."

"வருஷக் கணக்கா ஒரு சொல்லுக் கதையாத ஆள். இண்டைக்குப் பாத்துத்தான் உமக்கு வாய் வந்தது."

"எண்ணூறு வருஷமெண்டு எழும்பி நிண்டு சொன்னது நீங்களண்ணை."

"நான் வரலாறு சொன்னனான். சுரண்டச் சொல்லேல்லை."

பின்னேரம் அவர் போன் அடித்தார். கூட்டத்தில் எல்லோரையும் கேட்டுவிட்டாராம்.

"ஒருத்தரும் ஒத்துக்கொள்ளேல்லை. மூண்டாம் மாடி அன்ரி ஏசிப்போட்டுப் போனை வைச்சிட்டா. தான் கத்தோலிக்கச்சியாம், கறையான் இல்லையாம்."

"நீங்கள் அண்ணை?"

"நான் முத்தம்தான் குடுத்தனான்."

நான் அவரை நம்பினேன். மற்றவர்களை நம்பவில்லை. அத்தனை ஓட்டையையும் என் கண்ணால் பார்த்தவன் நான்.

வீட்டில் என் மனுசி சோறு போட்டாள். நடந்ததைச் சொன்னேன். அவள் அகப்பையைச் சட்டிக்குள் வைத்தாள். எனக்கு எதிரே வந்து இருந்தாள்.

"நான்தான்," என்றாள்.

"என்ன நீர்?"

"சுரண்டினது. நீங்கள் ஆசுப்பத்திரியாலை வந்து கிடக்கேக்கை உங்கட வேலையை நான்தானே செய்தனான். திறப்பு என்னட்டையெல்லே இருந்தது."

"எத்தினை இடத்திலை?"

"ஒரு இடத்திலைதான். வாங்கை அசைக்க ஏலாது. பின்னாலை கையை விட்டுத் தடவி, நல்ல தட்டையான இடமாப் பாத்துச் சின்னக் கத்தியாலை சுரண்டினனான். மற்ற ஓட்டையளை நான் கண்ணாலை காணேல்லை."

"எடுத்து என்ன செய்தனீர்?"

"உங்கட கஞ்சிக்குள்ளை போட்டனான்."

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

"எத்தினை நாள்?"

"ஒன்பது நாள். நவநாள் செபமெல்லே."

"நான் கல்லுக் கஞ்சியே குடிச்சனான்?"

"உப்புக் காணாதெண்டு மட்டும்தான் சொன்னீங்கள்."

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. அந்த நாட்களில் டொக்ரர் என்னைப் பற்றி அவளிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"நாளைக்கு நீரும் வாரும்," என்றேன்.

"என்னத்துக்கு? பொலிசிலை பிடிச்சுக் குடுக்கவே?"

"தூள் கூட்டிறதுக்கு ஆள் வேணும்."

*

வெள்ளி காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். சுண்ணாம்பு உள்ளே இன்னும் பச்சையாகத்தான் இருந்தது. இரும்பு தொடவில்லை. மூங்கில் குச்சிகளைச் சீவிக் கொண்டுபோயிருந்தேன். தண்ணீர் தெளித்து, ஊறவிட்டு, குச்சியால் கிளறி எடுத்தேன். ரீச்சர் எனக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்று டோர்ச் பிடித்தார். மனுசி விழுந்த தூளைத் தும்புக்கட்டையால் கடதாசிக்குள் கூட்டினாள்.

நாலாவது ஓட்டையைத் திறந்தபோது விரலால் தடவிப் பார்த்தேன். விளிம்பு மழமழவென்று இருந்தது, உருண்டு, ஊத்தை படிந்து. கை பட்டுப் பட்டுத் தேய்ந்த விளிம்பு. ஒரு வருடத்தில் வருகிற தேய்வு இல்லை. ஐந்தாவதும் அப்படி. ஆறாவதும்.

அடைத்த அன்று நான் ஓட்டையைத்தான் பார்த்தேன். விளிம்பைப் பார்க்கவில்லை. மேசன் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் எல்லாம் அப்படி இல்லை. சிலவற்றின் விளிம்பு சாந்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. அவை பழையவையா புதியவையா என்று சொல்ல முடியாது. அந்தப் பிழையும் என்னுடையது.

பத்து மணிக்கு வார்டன் அம்மாவும் தலைவர் அண்ணையும் வந்தார்கள். நான் எழும்பினேன். மனுசி ஒன்று சுரண்டினாள் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். எனக்கு வராத சொல்லை அண்ணை எடுத்துக் கொடுத்தார். மனுசி கடதாசியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு நின்றாள்.

ரீச்சர் அவளைப் பார்த்தார். "சுகம் வந்ததோ எண்டு கேளுங்கோ," என்று அண்ணையிடம் சொன்னார்.

அண்ணை கேட்டார்.

"இவர் பக்கத்திலைதானே நிக்கிறார். அவவையே பாக்கச் சொல்லுங்கோ," என்றாள் மனுசி.

அண்ணை இங்கிலீசில் சொன்னார். ரீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிரித்தார். கொப்பியை எடுத்து ஏதோ எழுதினார். வார்டன் அம்மா சிரிக்கவில்லை.

"முதல் எண்ணுவம்," என்றார்.

பதினொரு மணிக்குக் கடைசி ஓட்டையைத் திறந்தேன். கல்லை ஈரத்துணியால் ஒற்றி எடுத்தேன். எல்லோரும் விலகி நின்றோம்.

வார்டன் அம்மா படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோனார். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, பென்சில் நுனியைப் படத்தில் படாமல் நகர்த்தி எண்ணினார். ரீச்சர் கல்லில் எண்ணினார். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தார். ஓட்டைக்குள் நிழல் விழுந்தது. வரிசையாக இல்லாததால் விட்ட இடத்திலிருந்து திரும்ப எண்ண வேண்டியிருந்தது. கொப்பியில் கல்லின் படம் கீறி, ஒவ்வொன்றாகப் புள்ளி போட்டார். தலைவர் அண்ணையின் காற்சட்டைப் பைக்குள் செபமாலை ஓடியது தெரிந்தது. வெளியே பள்ளிக்கூட பஸ் ஒன்று போனது.

இரண்டு பேரும் இரண்டாம் தரம் எண்ணினார்கள். பிறகு மூன்றாம் தரம்.

வார்டன் அம்மா கண்ணாடியைக் கீழே வைத்தார். ரீச்சர் எழும்ப என் கையைப் பிடித்தார்.

"சொல்லுங்கோ," என்றார் ரீச்சர்.

"நீங்கள் முதல் சொல்லுங்கோ."

"இல்லை. படம்தான் மூத்தது."

படத்தில் முப்பத்தொன்று.

கல்லில் முப்பத்திரண்டு.